இரண்டரைக் கிலோ குறைத்த கதை

நான் ஓர் இயற்பியல் ஆசிரியர். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஏனென்றால் இந்த விவகாரத்தில் நான் செய்த ஒவ்வொரு முட்டாள்தனத்துக்கும் என் கையில் ஒரு சூத்திரம் இருந்தது. விவரம் தெரியாதவன் தப்புச் செய்தால் பாதியிலேயே சந்தேகம் வந்து நிறுத்திவிடுவான். எனக்கு அந்த வசதியும் இல்லாமல் போயிற்று.

வண்டி என்னுடையதல்ல, இஸ்மாயில் நானாவுடையது. (எங்கள் வீடுகளில் அண்ணனை நானா என்போம்.) ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போவதற்கு முந்தைய வருஷம் அவர் ஆசை ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் பைக். அப்போது காரைக்கால் பீச் ரோட்டில் அது போனால் சுண்டல் விற்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். நானா போன பிறகு அது என் பொறுப்புக்கு வந்தது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய வேண்டும், உப்புக்காற்று படாமல் மூடிவைக்க வேண்டும், இரவல் கேட்பவர்களிடம் பொய் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷம் இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன்.

நானா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். வந்த மறுநாள் காலை அந்த வண்டியில் அரசலாற்றுப் பாலம்வரை ஒரு சுற்றுப் போய்வந்தால்தான் அவருக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். ஒரு விடுப்பில் அப்படிப் போய்வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு, "வண்டி கனமா இருக்குடா தம்பி" என்றார்.

"சரி பண்ணிடலாம் நானா" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்போல என்னைப் பார்த்தார். பிறகு டீ குடிக்க உள்ளே போய்விட்டார். நான் அதற்குள் மனசில் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.

அவர் ஷார்ஜாவுக்குத் திரும்பியதும் ஆராய்ச்சியில் இறங்கினேன். வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு கிலோவைவிடச் சக்கரத்தின் விளிம்பில் சுற்றும் ஒரு கிலோ அதிகத் தொந்தரவு தரும். ஆகவே மாற்ற வேண்டியது சக்கரங்களைத்தான். இதை என் மனைவி ஜமீலாவுக்கு விளக்க அடுக்களையில் ஒரு தாம்பாளத்தைச் சுழற்றிக் காட்டினேன். (அதில் உளுந்து காயவைத்திருந்தது. அதையும் நான்தான் பொறுக்கினேன்.)

அடுத்த ஒன்பது மாதம் எங்கள் வீட்டில் சக்கரத்தைத் தவிர வேறு பேச்சில்லை. உருக்கி வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்த வெளிநாட்டுச் சக்கரங்கள் இறகு மாதிரி இருக்கும் என்றார்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு அவற்றில் அளவே கிடைக்கவில்லை. கம்பி போட்ட சக்கரம் போடலாம் என்றார் ஒருவர். நானாவின் வண்டி பால்காரர் வண்டி மாதிரி ஆகிவிடும் என்று அதை ஒதுக்கினேன். கடைசியில் அதே கம்பெனியின் புது மாடலுக்கு வரும் அலாய் வீல், சென்னையில் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிபட்டிருக்கிறதா, எங்காவது கீறலாவது உண்டா என்று ஜமீலாவிடமும் காட்டிக் கேட்டேன்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரம்கூட உக்காரல நீங்க" என்றாள் அவள்.

சக்கரங்கள் வந்து சேர்ந்தன. எங்கள் மெக்கானிக் முருகன் அவற்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வீலுதான் சார். ஆனா பழசு பதினெட்டு இஞ்சு, இது பதினேழு. போட்டா வண்டி எறங்கிடும். சைடு ஸ்டாண்டு நீளமாயிடும், வண்டி சாயாம நிமிந்து நிக்கும். அதை வெட்டி வெல்டு வைக்கணும்."

நானாவின் வண்டியில் ரம்பம் வைப்பதா? ஸ்டாண்டைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டு, "ஸ்டாண்டு அப்படியேதானே இருக்கு, அது எப்படிங்க நீளமாகும்?" என்று கேட்டேன்.

முருகன் வீலைக் கீழே வைத்தார். "நீங்க என்ன பாடம் சார் எடுக்குறீங்க?" என்றார். சொன்னேன். அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

மாட்டுவதற்கு முன்னால் எவ்வளவு கனம் குறைகிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். மளிகைக் கடைத் தராசில் சக்கரத்தை வைக்க விடமாட்டோம் என்றார்கள். ஆகவே பழசும் புதுசுமாக நாலு சக்கரத்தையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவேட்டக்குடிக்குப் போனேன். அங்கே மீன் வியாபாரம் செய்யும் செல்வி அக்காவிடம் பெரிய எலெக்ட்ரானிக் தராசு இருந்தது. அக்கா தராசைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாக வைத்து நோட்டில் எழுதினேன். மொத்தம் இரண்டரைக் கிலோ குறைந்தது.

"கனம் கொறஞ்சது ஒசத்தியா சார்?" என்று கேட்டார் அக்கா.

ஆமாம் என்றேன்.

"மீனுல அப்புடி இல்ல" என்றார். எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

முருகன் அச்சுக்குப் பொருந்தும்படி புஷ் கடைந்து, செயினை நேராக்கி, சக்கரங்களை மாட்டிக் கொடுத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டி மாறித்தான் போயிருந்தது. வளைவில் நினைத்த மாத்திரத்தில் திரும்பியது. நெடுங்காடுவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் நின்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். எங்கள் வீட்டு முன்தளம் இடப்பக்கம் சரிவானது. அதில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் வண்டி சாதுவாகச் சாய்ந்து நின்றது. முருகன் தேவையில்லாமல் பயமுறுத்தியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

தை மாதம் நானா வந்தார். மறுநாள் காலை சாவியை நீட்டினேன். பயணக் களைப்பாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு வண்டியிலேயே போகலாம் என்று நான் பிடிவாதம் பிடிக்க, "நீயே ஓட்டுடா" என்று பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் நான் சக்கரத்தைப் பற்றிப் பேசினேன். அவர் "ம்" சொல்லிக்கொண்டே வந்தார்.

பள்ளிவாசல் தெரு சமதளம். வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நின்றன. நானும் நம் வண்டியை அந்த வரிசையின் இடது கோடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அது கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறது என்று தோன்றியது. கம்பீரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். படியில் நின்றபடி நானாவுக்குத் தூரத்திலிருந்து சக்கரங்களைச் சுட்டிக் காட்டினேன். அப்போது வாடைக்காற்று ஒன்று பலமாக அடித்தது. வண்டி ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாக, மரியாதையாக, வலப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்த ஸ்கூட்டர் அதற்கு வழிவிட்டுச் சாய்ந்தது. அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று சத்தம் தெருக்கோடிவரை போய் அடங்கியது. ஒருவர் நிதானமாக எண்ணி, நம்முடையதைச் சேர்த்து எட்டு என்று அறிவித்தார். கடைசியாக விழுந்தது சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஸ்கூட்டர். அதன் சொந்தக்காரரான பெரியவர் என் அருகில் வந்து, "நேத்துதான் எடுத்தேன் வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நானா எனக்கு முன்னால் ஓடிப்போய் நம் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். இடது கை இழுத்தது. வலது கை பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருமுறை முயன்றார். கை வரவில்லை. சுற்றிலும் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்துத் தன் சட்டையோரமாக வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில், "நீ தூக்குடா" என்றார்.

வண்டியைத் தூக்கும்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வந்ததிலிருந்து அவர் டீ கிளாஸை இடது கையில் பிடித்தது. தலை சீவாமல் கையால் ஒதுக்கிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சற்றுமுன் தொழுகையில் அவர் பக்கத்தில்தான் நின்றேன். தொடக்கத்தில் தக்பீர் கட்டும்போது எல்லோர் கையும் காதுக்கு உயர்ந்தது, அவருடைய வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மனசுக்குள் டயர்க் காற்றழுத்தத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையில் நான் சிரித்துக்கொண்டே எழுத முடியாத இடம் இது ஒன்றுதான்.

எட்டு வண்டிகளையும் நிமிர்த்தி, உடைந்த கண்ணாடிகளுக்கெல்லாம் பொறுப்பேற்று, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம். அப்போதுதான் சொன்னார். கிடங்கில் மூட்டை இறக்கி இறக்கித் தோள் போய்விட்டது. மூன்று வருஷமாக வலி. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

"அன்னைக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே நானா?"

"சொன்னேனே. வண்டி கனமா இருக்குன்னு." இடது கையால் சீட்டைத் தட்டினார். "உனக்கும் கனமா இருந்தா வண்டிதான் கனம்னு நிம்மதியாயிருக்கலாம்னு பாத்தேன். நீ ஓட்டிக்கூடப் பாக்கல. சரி பண்ணிடலாம்னுட்ட."

ஒன்பது மாதம் செய்த ஆராய்ச்சியில் 'எங்கே கனமாக இருக்கிறது?' என்ற ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. அதைப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறேன்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். தசைநார் கிழிந்து மூட்டு இறுகியிருக்கிறது, இனி பாரம் தூக்கவே கூடாது என்றார். நானா திரும்பிப் போகும் டிக்கெட்டை ரத்து செய்தார். வீட்டில் முதலில் அழுகையும் பயமுமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்து, எட்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் கை காதைத் தொட்டது. பக்கத்தில் நின்ற நான் அன்று தொழுகையில் என்ன ஓதினேன் என்பது எனக்கே தெரியாது.

நானா தனக்கு லேசான ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு பைக்கை என்னிடமே விட்டுவிட்டார். அதன் ஸ்டாண்டை முருகன் வெட்டிச் சரிசெய்துவிட்டார். வண்டி இப்போது எந்தக் காற்றிலும் அசையாது. ஆனால் ஊர் நம்ப வேண்டுமே. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை நான் வண்டியை நிறுத்தினால், வலப்பக்கம் இருப்பவர்கள் சலாம் சொல்லியபடியே தங்கள் வண்டிகளைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். தெருவில் கால் வைக்க இடமில்லாத பெருநாளன்றுகூட என் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்கூட்டர் நிற்கும் அளவுக்குக் காலியிடம் கிடக்கும். நானா எப்போதும் கடைசியாகத்தான் வருவார். அவசரமே படாமல் தன் ஸ்கூட்டரை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இறங்கி, என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போவார்.