வெந்த முத்து

டார்ச் அடித்துப் பார்த்துச் சமைத்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கல்லுமக்காய் மாஸ்டர்.

மட்டாஞ்சேரியில் ஏலக்காய்க் கடையில் நான் வேலை பார்த்தபோது, மதியச் சாப்பாடு அவர் மெஸ்ஸில்தான். மாஸ்டர் தேனிப் பக்கத்து ஆள். கல்லுமக்காய் என்பது பாறையில் ஒட்டி வளரும் சிப்பி. ஊரே அதை வெந்நீரில் போட்டு வாய் திறக்க வைக்கும். மாஸ்டர் மட்டும் பச்சையாகவே கத்தியால் நெம்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் செல்போன் வெளிச்சம் அடித்து முத்து தேடுவார். வெந்துவிட்டால் முத்தின் பளபளப்பு போய்விடுமாம்.

"மாஸ்டரே, சாயா குடிக்கிற நேரத்துக்குத்தான் சோறு போடுறீங்க," என்று லாரி ஓட்டும் சேட்டன் ஒருவர் புலம்புவார்.

"பசி எங்க சேட்டா போயிடப் போகுது? முத்து போனா வருமா?"

எல்லாம் அவர் தன் கல்யாணத்தன்று விட்ட சவடால். "கடை மூக்குத்தி என் பொண்டாட்டிக்கு வேண்டாம். என் சமையல்ல கிடைக்கிற முத்துதான்" என்று சபையில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி செல்வியக்கா, மூக்குத் துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகிக்கொண்டுதான் ரசம் ஊற்றினார். கிடைத்த முத்துகளோ ஒன்று மிளகு மாதிரி, ஒன்று உடைந்த பல் மாதிரி. இன்னொன்றை மாஸ்டர் பிராட்வே கடைத்தெருவில் ஒரு நகைக்கடையில் காட்டினார். மணல் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அக்காவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

"குச்சியோட போய் நான் அங்க நிக்க மாட்டேன். முத்து இல்லன்னா நான் வரல," என்றார் அக்கா.

மாஸ்டர் வெறி பிடித்தவர் போலானார். பொரியலில் கல்லுமக்காய், குழம்பில் கல்லுமக்காய், சாம்பாரிலும் அதுவே. சைவக்காரர்கள் ஊரின் மறுகோடியில் இருக்கும் இடப்பள்ளி வரை ஓடிப்போய்ச் சாப்பிட்டார்கள். ஒரு நாள் பசியில் நாங்கள் போட்ட கூச்சல் தாங்காமல், மாஸ்டர் அசந்த நேரம் பார்த்து அக்காவே மொத்தச் சிப்பியையும் வெந்நீரில் கொட்டிவிட்டார்.

நான் கடித்தேன். கடக்.

கையில் துப்பினால் பாதிக் கடைவாய்ப் பல், பக்கத்தில் அழகாக உருண்ட ஒரு முத்து. மாஸ்டர் என் பல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெந்து போச்சு செல்வி. மங்கிப் போச்சு."

அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். அக்கா அதை வாங்கிக் கழுவி, மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"நானும் இந்த அடுப்படியிலதான் வெந்துக்கிட்டிருக்கேன். நான் மட்டும் பளபளன்னா இருக்கேன்? இதையே மூக்குத்தியாக் கட்டிக் கொண்டாங்க."

கல்யாண வீட்டில் பார்த்தவர்களெல்லாம், "செல்வி, மூக்குல சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கு" என்றார்களாம். அக்கா சிரித்தாரே தவிர, துடைக்கவில்லை.

பல்லை அடைத்துவிடச் சொல்லி டாக்டர் இன்னும் திட்டுகிறார். எனக்குத்தான் மனசு வரவில்லை. நாக்கு அந்த ஓட்டைக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் நினைவுக்கு வருகிறார்கள்.