வீட்டுக்காரர் பெயர் இல்லாத மெடிக்கல் கார்டு

ஊரில் உள்ளவர்களின் ஃபாரத்தையெல்லாம் திருத்திக் கொடுத்த எனக்கு, என் சொந்த ஃபாரத்தை ஒழுங்காக நிரப்பத் தெரியவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே சொல்லிச் சிரித்துவிட்டார்கள். இனி நான் மறைத்து என்ன பிரயோஜனம்?

வாஷியில் ஒரு மருந்துக் கம்பெனியின் பர்சனல் டிபார்ட்மெண்டில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். (இப்போது அதற்கு ஹெச்.ஆர். என்று பெயர். பெயர்தான் புதுசு, நாற்காலிகள் அதே பழசு.) ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஃபாரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மேனேஜரிடம் போகப் பயப்படாதவர்கள்கூட என் மேஜைக்கு வருமுன் ஒருமுறை நின்று, பேப்பரைச் சரிபார்த்துவிட்டுத்தான் வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ரிடையர் ஆகிற வாரம் என் கையில் ஒரு சின்னப் புத்தகத்தையும் ஒரு ஃபாரத்தையும் கொடுத்தார்கள். வேலையை விட்ட பிறகும் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொள்ளும் திட்டம் அது. அதே புத்தகத்தை எத்தனையோ பேருக்கு நானே கொடுத்திருக்கிறேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன். கொடுத்தேனே தவிர, ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இது எனக்கே அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஃபாரத்தில் 'டிபெண்டென்ட்' என்று ஒரு கட்டம். வீட்டுக்காரரின் ஆதார் நம்பர் வேண்டும் என்பதால் தேவ்நாரில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தேன். அவருக்குத் தாராவியில் தோல் பை பட்டறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், அது என்ன கட்டம் என்று கேட்டார். 'கணவன், மனைவி' என்று சொல்லியிருந்தால் கதையே முடிந்திருக்கும். நான் மொழிபெயர்த்தேன்.

"அண்டிப் பொழைக்கிறவங்கன்னு அர்த்தம்."

அவர் கையிலிருந்த மீன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "எம் பட்டறையில பத்துப் பேரு வேலை பாக்காங்க. நான் உன்னை அண்டியா கெடக்கேன்?"

கம்பெனி வார்த்தை அது, நான் சொன்னதல்ல என்றேன். கம்பெனிக்கு என்னைத் தெரியுமா என்றார். பேச்சு எங்கெங்கோ போய், எங்கள் நிக்காஹ் நடந்த வருஷத்தில் என் மாமா சொன்ன ஏதோ ஒரு வார்த்தையில் வந்து நின்றது. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை, வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டத்தில் நீளமாக ஒரு கோடு போட்டு, ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். புருஷன் பெண்டாட்டி என்றால் ஒரு கார்டில் தானாகவே வந்துவிடும் என்று ஒரு நினைப்பு வேறு. எங்கள் பில்டிங் பெண்களிடமும் அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் ஆவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி வந்தது. பித்தப்பையில் கல். இந்த வாரமே ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செம்பூரில் உள்ள ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போனோம். வழியெல்லாம் நான்தான் தைரியம் சொன்னேன். எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றேன். கவுண்டரில் கார்டை நீட்டிய தோரணையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். வீல்சேரில் முனகிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஹிந்தியில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். இந்தக் கார்டில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது மேடம், வேண்டுமானால் உங்களை அட்மிட் செய்துகொள்கிறோம்.

நான் வாதாடினேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸைச் சொன்னேன். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். டிபெண்டென்ட்: இல்லை.

வீல்சேரிலிருந்து குரல் வந்தது. "என் பேரு இருக்க வேண்டிய எடத்துல என்ன எழுதுனே?"

"கோடு போட்டேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வலிக்கு ஊசி போட்டார்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் தள்ளக்கூடாது என்றார் டாக்டர். கல் வெடிக்குமா என்றுகூட நர்ஸிடம் கேட்டேன். (வெடிக்காதாம்.)

அங்கிருந்தே ரூபாலிக்குப் போன் செய்தேன். என்னிடம் வேலை கற்று, இப்போது என் நாற்காலியில் இருக்கும் மராட்டிப் பெண். அவள் எழுதிக் கொடுத்த முதல் லீவ் ஃபாரத்தையே நான் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரிடையர் ஆகி மூன்று மாதத்துக்குள் விட்டுப்போன பெயரைச் சேர்க்கலாம், ஆனால் சாரும், அதாவது என் வீட்டுக்காரரும், நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றாள்.

மறுநாள் காலை ஹார்பர் லைனில் வாஷிக்குப் போனோம். டாக்ஸி வைக்கிறேன் என்றால் கேட்கவில்லை, குலுங்குகிறதாம். ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒரு கையோடு நின்றார். உட்கார இடம் கொடுத்தவர்களிடமும் வேண்டாம் என்றார். மான்கூர்ட் தாண்டும்வரை என் முகத்தையே பார்க்கவில்லை.

ரூபாலி அந்தப் புத்தகத்தை எடுத்து, பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். டிபெண்டென்ட் என்றால் ஊழியரின் கணவன் அல்லது மனைவி, அவருக்குச் சொந்த வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இவ்வளவுதான். இரண்டே வரி. இதற்கா இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்?

"மேடம், நீங்க இதைப் படிக்கலையா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பெயர் ஏன் விட்டுப்போனது என்று சார் தன் கையால் எழுதித் தரவேண்டுமாம். 'தவிர்க்கமுடியாத காரணங்களால்' என்று போடச் சொன்னேன். அவர் காதில் வாங்காமல் ஹிந்தியில் நிதானமாக எழுதினார். ரூபாலி படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

அதில் இருந்தது இதுதான். என் மனைவி புத்தகத்தைப் படிக்கவில்லை. நான் அவளைப் படிக்க விடாமல் சண்டை போட்டேன். அவள் இல்லாமல் எனக்கு ஒருநாளும் ஓடாது, அதனால் என்னை டிபெண்டென்ட் என்றே எழுதிக்கொள்ளவும்.

அழுதிருப்பேன். அதற்குள் ரூபாலி, ஆதாரில் 'சாகுல்' என்றும் நிக்காஹ் சான்றிதழில் 'ஷாகுல்' என்றும் இருக்கிறதே, இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டாள். அதை நிரூபிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நான் கற்றுக்கொடுத்த ஒழுங்கு. யாரைக் கோபிக்க?

மறுநாள் பெயர் ஏறியது, அதற்கு அடுத்த நாள் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். அதை ஷோகேஸில் வைக்கவேண்டும் என்று அவரும், வைக்கக்கூடாது என்று நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் வடாலாவில் ஒரு கல்யாணம். ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இப்போது என்ன செய்கிறீர்கள் என்று தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இவரைக் கேட்டார். இவர் பிரியாணியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உங்க மைனி இருந்த மருந்துக் கம்பெனியிலதான். டிபெண்டென்ட் போஸ்ட். ரிடையர்மெண்டே கிடையாது" என்றார்.

கை கழுவும் இடத்தில் அந்த மனுஷன் என்னைத் தனியாக மடக்கினார்.

"மைனி, எம் மருமகன் சும்மாதான் இருக்கான். அந்தப் போஸ்ட்ல இன்னொரு எடம் காலி இருந்தா சொல்லுங்க."