போடாத ஊசிக்கு நாற்பது அப்பியாசம்

இந்தக் கதையில் நீங்கள் கட்டாயம் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது இல்லை. சிரிப்பு கிளினிக்கில் இருக்கிறது. நாங்கள் இன்னும் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் நாலாம் மாடியில் நிற்கிறோம். அவசரப்படாதீர்கள். முதலில் என் அப்பாவின் வலது தோளைப் பாருங்கள்.

பாருங்கள் என்றேனே தவிர, கையை உயர்த்திக் காட்ட அவரால் முடியாது. தோள்மூட்டு இறுகி மூன்று மாதம். இரத்தினசிங்கம் என்ற பெரிய மனிதருக்கு இப்போது சீப்பால் தலை இழுத்துவிடுவது அம்மாதான். அம்மா எதிரில் நின்று இழுப்பதால் வகிடு பக்கம் மாறிவிடும். ஒஃபிஸில் செக்கியூரிட்டி அவரிடம் அடையாள அட்டை கேட்டானாம்.

டொக்டர் மஸாஹிரா தெளிவாகச் சொல்லிவிட்டா. "அங்கிள், தோளுக்குப் பின்பக்கமா ஒரு ஸ்டீரொயிட் ஊசி. அஞ்சு நிமிஷ வேல. சும்மா விட்டா கை ரெண்டு வருஷத்துக்கும் இப்படியே இருக்கலாம்."

ஊசி என்றதும் அப்பா வீட்டுத் தையல்பெட்டியைக்கூட ஒளித்து வைக்கச் சொன்னார். அம்மா விடவில்லை. டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஏழாம் நம்பர் எடுத்தா. அப்பா கனடாவுக்குப் போகிறவர் போல எங்கள் இரண்டு பேரிடமும் விடைபெற்று லிஃப்டில் இறங்கினார்.

பத்து நிமிஷத்தில் அம்மாவின் ஃபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். கிளினிக் பிள்ளை, மூக்கால் கதைக்கிறவள்.

"மிஸ்டர் ரத்னசிங்கம்கே கெதரத? டொக்டர் அத என்னே நே. வார சனிக்கிழம வாங்க, நம்பர் த்ரீ. ஹரித நங்கி?"

டொக்டர் இன்று வரமாட்டாவாம். அடுத்த சனி மூன்றாம் நம்பராம். சிங்களத்தில் 'ஹரித நங்கி' என்றால் 'சரியா தங்கச்சி'. நானும் ஹரி என்றுவிட்டு அம்மாவிடம் சொன்னேன்.

ஆறரைக்கு அப்பா வந்தார். முகத்தில் வெற்றி. வாயில் வடை வாசம். வலது தோளில் ஒரு பிளாஸ்டர்.

"போட்டாச்சு!"

அம்மா என்னைப் பார்த்தா. நான் சீலிங்கைப் பார்த்தேன்.

"நொந்ததே?"

"சீ! எறும்பு கடிச்ச மாதிரி. இப்பிடி ஒரு பேஷண்டைத் தான் கண்டதில்லையாம், டொக்டர் சொன்னவ."

"பின்பக்கமெல்லோ போடுறதெண்டவ? பிளாஸ்டர் முன்னுக்கு நிக்குது?"

அப்பா ஒரு கணம் யோசித்தார். "முன்னால வந்திட்டுது. அவ்வளவு நீள ஊசி, நேசம்!"

அம்மா குசினிக்குள் என் காதைப் பிடித்தா. "யது, வாய் திறக்கப்படாது. இழுத்துக்கொண்டு போனா மனுசன் வாசலிலயே மயங்கி விழும். தானா வரோணும்."

ஞாயிறு காலை தொடங்கியது.

"இஞ்சேருங்கோ, கை சுகமெல்லோ? மேல்தட்டில இருக்கிற இடியப்ப உரலை எடுங்கோ பாப்பம்."

அப்பா இடது கையை நீட்டினார்.

"வலது கையால எடுங்கோவன். அதுக்கெல்லோ ஊசி போட்டது!"

சிரித்துக்கொண்டே அழுவதை அப்பா அன்றுதான் பழகினார். திங்கள், ஃபான் துடைத்தார். செவ்வாய், திரைச்சீலை மாட்டினார். அவர் போட்ட சத்தம் கேட்டு, கீழ்வீட்டு றஸ்மியா அன்டி மேலே வந்து, "யாருக்காவது பிரசவமா?" என்று கேட்டுப் போனா.

புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாத ஒரு சிம்மோடு குளியலறைக்குள் போய், மூக்கைப் பிடித்துக் கிளினிக் பிள்ளையானேன்.

"மிஸ்டர் ரத்னசிங்கம்? சனிக்கிழம ஊசி போட்ட ஆக்கள் எல்லாரும் காலையில நாப்பது, பின்னேரம் நாப்பது தரம் கைய மேல தூக்கணும். மிஸிஸ் பக்கத்துல நிண்டு எண்ணணும். ஹரித?"

அப்பாவின் ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் அம்மா. அப்பா என்ன சொல்ல முடியும்? நான் ஊசி போடவில்லை, வடை தின்றேன் என்றா?

"ஹரி... ஹரி..." என்றார்.

அம்மா எண்ணத் தொடங்கினா. "ஒண்டு."

"ஐயோ!"

"அது வடிவா உயரேல்லை. திருப்பியும் ஒண்டு."

வெள்ளிக்கிழமை அப்பா வழிக்கு வந்தார். கௌரவத்தோடுதான்.

"நேசம், அது நல்ல ஊசிதான். ஆனா என்ர உடம்புக்கு ஒண்டு காணாது போல கிடக்கு. இன்னொண்டு போடுவமே?"

"இன்னொண்டோ! உங்களுக்கு எவ்வளவு துணிவு!" என்ற அம்மா, திரும்பிப் போய்க் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். ஊரில் எல்லாருடைய குரலும் எனக்கு வரும். அன்று அம்மா பேசிய குரலைப் பல தரம் செய்து பார்த்துவிட்டேன், வரவில்லை.

"நான் கேட்டுப் பாக்கிறன். நாளைக்கே நம்பர் கிடைச்சாலும் கிடைக்கும்," என்றா.

கிடைத்தது. மூன்றாம் நம்பர்.

கிளினிக்கில் அப்பா சட்டையைக் கழற்றி ஸ்டூலில் இருந்தார். அம்மா அவருடைய இடது கையை இறுக்கிப் பிடித்திருந்தா. டொக்டர் மஸாஹிரா பின்னால் நின்று, பேனையால் தோளில் ஓர் அடையாளம் வைத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தா.

"ஸொறி அங்கிள். போன சனிக்கிழம எனக்கு வர ஏலாமப் போச்சு, மகளுக்குக் காய்ச்சல். ஃபோன் பண்ணி வீட்ட சொன்னாங்க தானே?"

அப்பாவின் தலை மெல்ல, மிக மெல்ல, அம்மாவின் பக்கம் திரும்பியது. பிறகு என் பக்கம். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஹரித?" என்றேன்.

ஊசி இன்னும் மேசையில்தான் இருந்தது. அப்பா கத்தினார்:

"ஆஆஆ!"