குற்றி அண்ணனும் ஆரியங்கோட்டுக்காரியும்

பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் எந்த வீட்டில் என்ன கறி கொதிக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவர் குற்றி அண்ணன். கடவுளுக்காவது அது சாம்பாரா தீயலா என்று சில நேரம் சந்தேகம் வரக்கூடும். குற்றி அண்ணனுக்கு வரவே வராது.

கேரள எல்லையோரமான எங்கள் பக்கத்தில் கேஸ் சிலிண்டரைக் குற்றி என்போம். வீடு வீடாகக் குற்றி கொண்டுவந்து மாட்டுகிறவர் என்பதால் அவர் குற்றி அண்ணன். ஆதார் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்கும். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, மடித்துக் கட்டிய கைலி, கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர். ஹாரன் அடிக்கும் வழக்கம் கிடையாது. வண்டியில் நின்றபடியே ஸ்பேனரால் ஒரு குற்றியின் மண்டையில் டங் டங் என்று தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் பெண்கள் முதலில் செய்கிற காரியம், அடுப்பில் இருப்பதை மூடி போட்டு மூடுவது.

மூடி என்ன செய்யும்? அவர் மூக்கு கேட்டுக்கு வெளியிலேயே வேலையை ஆரம்பித்திருக்கும்.

"டீச்சரே, உள்ளி கரியுது. தீயைக் கொறையுங்க."

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். இருபது வருடமாக வெங்காயம் வதக்குகிறவளும்கூட. விட்டுக்கொடுக்க மனம் வராது. "இல்லண்ணே, சிவக்கட்டும்ணுதான் வச்சிருக்கேன்."

"செவக்குதது வேற, கரியுதது வேற. தொடக்கத்திலேயே ஒரு நுள்ளு உப்பு போட்டு வதக்கியிருந்தா இதுக்குள்ள தானே செவந்திருக்கும். ஆரியங்கோட்டுல ஒருத்தி அப்பிடியாக்கும் செய்யுதா."

அது யார் அந்த ஆரியங்கோட்டுக்காரி என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஊர் அடுக்களைகளை ஆண்டது அவள்தான். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைத்தால் சீக்கிரம் அழுகாது என்று சொன்னவள் அவள். தோசை கல்லில் ஒட்டினால் பாதி உள்ளியை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் துடைக்கச் சொன்னவளும் அவள். பழைய குற்றியைக் கழற்றி, புதியதை மாட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டுக் கசிவு பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குற்றி அண்ணன் அவளுடைய யோசனைகளில் ஒன்றிரண்டை இறக்கி வைத்துவிட்டு, எங்களிடமிருந்து ஒன்றிரண்டை ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய சொந்தச் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: குற்றியில் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட வேண்டும், கேஸ் இருக்கிற உயரம் வரைக்கும் ஈரம் காய நேரமாகும். அதைச் சொல்லும்போது மட்டும் ஆரியங்கோட்டுக்காரி வர மாட்டாள். "இது நான் கண்டுபிடிச்சதாக்கும்" என்பார். உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

எல்லா யோசனையும் பலித்தது என்று சொல்ல முடியாது. இறைச்சி வேகாவிட்டால் பச்சைப் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்று போடச் சொல்வார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி அதைப் பயபக்தியோடு கேட்டு மீன் குழம்பில் போட்டுவிட்டாள். கணவன் சாப்பிட உட்கார்ந்தபோது சட்டியில் முள்ளும் குழம்பும்தான் இருந்தன. "மீனு எங்க?" என்று அவன் கேட்க, அவள் அழ, மறுநாள் தெருவே குற்றி அண்ணனை மறித்தது.

அவர் அசையவில்லை. "மெத்துண்ணு ஆச்சா இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றார்.

இதில் பெரிய வேடிக்கை, அவருக்குப் பால் விடாத ஒரு கட்டன் சாயாகூடப் போடத் தெரியாது. அவர் மனைவி அவரை அடுக்களைப் பக்கமே விட மாட்டாள். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு வாறாரு. இஞ்ச வந்து அடுப்பத் தொட்டாருண்ணா அண்ணைக்கு எல்லாரும் பட்டினியாக்கும்" என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

என் மகள் ஆதிராவுக்கு நிச்சயம் வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீடு குழித்துறைப் பக்கம். மத்தியானம் அறுபது பேருக்கு இலை போட்டு விருந்து. மாப்பிள்ளை தங்கமானவன். அவனுடைய பெரியப்பாதான் பயம். முன்பு ஒரு வீட்டில் அவியலில் தண்ணீர் நின்றது என்பதற்காகப் பெண்ணைப் பார்க்காமலே எழுந்து போனவர் என்று பேச்சு. அவர் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் யாரும் வேண்டும் என்று சொல்ல மாட்டார்களாம். அதனால்தான் காட்டாக்கடையில் பேர் பெற்ற சமையல்காரரை இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தோம்.

விடிந்ததும் அவரிடமிருந்து போன். வீட்டுப் படியில் வழுக்கிக் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். அவருடைய ஆட்கள் ஆளுக்கொரு கல்யாணத்துக்குப் போயாகிவிட்டது. முகூர்த்த நாள். வேறு சமையல்காரர்களைக் கூப்பிட்டால் போனிலேயே சிரித்தார்கள்.

பதறினால் என் வீட்டுக்காரருக்கு மலையாளம் மட்டும்தான் வாயில் வரும். "ஈஸ்வரா, இனி எந்து செய்யும்? இனி எந்து செய்யும்?" என்று முற்றத்தில் நடக்க ஆரம்பித்தார். வாங்கி வந்த காய்கறி மலை போலக் கிடந்தது. வாடகைக்கு எடுத்த பெரிய அடுப்புகள் கிடந்தன. நான் நடுவில் நின்று ஒரு பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதிரா உள்ளே தலையில் பாதிப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். "அம்மா, அவங்ககிட்ட வேற நாள் சொல்லிரலாமா?" என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

டங் டங்.

அடுப்புகளுக்குப் பெரிய குற்றிகள் இறக்க வந்த குற்றி அண்ணன் கேட்டிலேயே நின்று மூக்கைத் தூக்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை. "இதென்ன டீச்சரே, விசேஷ வீடா இது? ஒரு கடுகு பொட்டின மணம்கூட இல்லியே?"

சொன்னேன். கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

"காய் உண்டா?"

"உண்டு."

"தேங்கா?"

"உண்டு."

"அடுப்பு, குற்றி, அரிசி எல்லாம் உண்டு. பின்ன என்னத்துக்கு அழுகை? ஆளுதானே இல்ல? ஆளு நான் கொண்டு வாறேன்."

ஒரு சந்தேகம் என்னைக் கலக்கியது. "அண்ணே, நீங்களா சமைக்கப் போறீங்க?"

"நானா?" அவர் எழுந்துவிட்டார். "டீச்சருக்கு மகளைக் கெட்டிக் குடுக்கணுமா வேண்டாமா?"

மீதிக் குற்றிகளை எங்கள் முற்றத்திலேயே இறக்கிவிட்டு வண்டி பறந்தது. முதல் நடையில் முன்சீட்டில் சரோஜம் அக்கா வந்து இறங்கினார். தேங்காய் வறுத்தரைத்து வைக்கிற தீயல் என்றால் இந்தப் பஞ்சாயத்தில் அவர்தான். அடுத்த நடையில் பனச்சமூட்டிலிருந்து ரோசம்மா. காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவரைப் பட்டுப்புடவையோடு அப்படியே ஏற்றி வந்திருந்தார். "பாயசம் இவிய வைக்கட்டு. மத்தவிய வச்சா அது வெல்லத் தண்ணியாக்கும்." மூன்றாவது நடையில் அவியலுக்கு விமலா இறங்கியபோது நான் சரோஜம் அக்கா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

விமலா, சரோஜம் அக்காவின் தம்பி மனைவி. அடுத்தடுத்த வீடு. ஆறு வருடமாகப் பேச்சில்லை. குடும்ப விசேஷம் ஒன்றில் விமலா வைத்த தீயலை எல்லாரும் புகழ, "இது என்கிட்ட பாத்துப் படிச்சதாக்கும்" என்று சரோஜம் அக்கா சபையில் சொல்ல, "உங்களுக்க தீயலு புளிக்கரைசலு மாதிரி இருக்கும், அதையா படிக்க?" என்று விமலா திருப்ப, அன்றைக்கு எழும்பிய மதில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இன்னும் நிற்கிறது.

"அண்ணே, இவங்க ரெண்டு பேரையும் ஒரே பந்தலுக்குள்ள…" என்றேன்.

"அடுப்பு வேற வேற தானே? சாரமில்ல, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் முதுகுக்கு முதுகு காட்டி நின்றார்கள். இடையில் நாலடி தூரம். பேச்சு மட்டும் குற்றி அண்ணன் வழியாகப் போய் வந்தது.

"குற்றி அண்ணே, அங்ஙன நிக்க ஆளுகிட்ட சொல்லும், தீ கூடிப்போச்சுண்ணு" என்பாள் விமலா.

"எலே குற்றி, எனக்குத் தீயெரிக்கத் தெரியும்ணு சொல்லு" என்பார் சரோஜம் அக்கா.

தெருவே திரண்டு காய் நறுக்க வந்துவிட்டது. குற்றி அண்ணன் ஸ்பேனரை நீட்டி நீட்டிப் படை நடத்தினார். சேனைக்கிழங்கை எடுக்கும் முன் எல்லாக் கைக்கும் தேங்காய் எண்ணெய். வாழைக்காய் நறுக்கினதும் மஞ்சள் தண்ணீருக்குள். "அவியலுக்குத் தண்ணி ஊத்தப்படாது. உப்பு போட்டு மூடி வையுங்க, காய் அதுக்க தண்ணியில வேகும்." பெரியப்பாவை நினைத்து, அவியல் இறக்குகிற வரைக்கும் விமலா பக்கத்தில் தண்ணீர்க் குடமே வைக்க விடவில்லை.

உதவி செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் வந்து சாம்பாரில் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டார். சரோஜம் அக்கா ஏற்கெனவே போட்டிருந்தார். யாரோ உருளைக்கிழங்கோடு ஓடி வந்தார்கள்.

"உருளைக்கெழங்கா உப்பத் திங்கப் போவுது? நம்மதான் திங்கணும்!" என்று தடுத்தார் குற்றி அண்ணன். "உப்பில்லாம வேகிற பருப்ப அதில கோரி ஊத்துங்க. சாரே, நீங்க போய் நாற்காலி போடுங்க. நாற்காலிக்கு உப்பு வேண்டாம்."

ரோசம்மா பாயசத்தில் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றும் நேரம் வந்தது. அடுப்பு எரியும்போது ஊற்றினால் திரிந்துவிடும். குற்றி அண்ணன் தானே குனிந்து கேஸைத் திருகி அணைத்தார். "இனி ஊத்துங்க அம்மச்சி." அன்றைய விருந்தில் அவர் கைப்பட நடந்த சமையல் அது ஒன்றுதான்.

அவர் வாழையிலை எடுக்கப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. சரோஜம் அக்கா தீயலுக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தார். பாதி சிவந்ததும் பக்கத்திலிருந்த சாக்கில் கைவிட்டு நாலு பச்சரிசியை எடுத்து வெண்கல உருளியில் போட்டார். விமலா தற்செயலாகத் திரும்பியவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அது…" என்று வாய்தவறி வந்தது அவளுக்கு. "அது ஆரியங்கோட்டுக்காரிக்க வேலையாச்சே?"

சரோஜம் அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. "எந்த ஆரியங்கோட்டுக்காரி? அரிசி பொரிஞ்சு செவந்தா தீயை அணைக்கணும், மிச்ச நெறம் சூட்டிலேயே வரும். இது எனக்க அம்மைக்க வேலையாக்கும்."

"நானும் அப்பிடித்தான் வறுக்கேன். அந்த மனுசன் சொல்லித்தானே…"

நறுக்கிக்கொண்டிருந்த கத்திகள் எல்லாம் நின்றன. சரோஜம் அக்கா மெதுவாகத் திரும்பினார்.

"அப்போ அவியலுக்கு ஜீரகத்தை உள்ளங்கையில கசக்கிப் போடணும்ணு சொன்ன ஆரியங்கோட்டுக்காரி?"

"அது நானாக்கும்" என்றாள் விமலா. குரல் அடங்கியிருந்தது.

ஆறு வருடமாக ஒருத்தியின் கைப்பக்குவத்தை இன்னொருத்தி ருசித்துப் புகழ்ந்து சமைத்திருக்கிறாள். இலைக்கட்டோடு உள்ளே நுழைந்த குற்றி அண்ணனை இரண்டு கரண்டிகள் வரவேற்றன.

"எலே, ஆரியங்கோட்டுக்காரி யாருலே?" என்றார் சரோஜம் அக்கா.

அவர் இரண்டு முகங்களையும் பார்த்தார். இலைக்கட்டைக் கீழே வைத்தார். "ஆரியங்கோட்டுல எனக்கு ஒரு பட்டி, பூனையக்கூடத் தெரியாதுக்கா. விமலா சொன்னாண்ணு சொன்னா நீங்க செய்வியளா? நீங்க சொன்னதுண்ணு சொன்னா அவ செய்வாளா? நல்ல யோசனை பாழாப் போவப்படாதுல்லா?"

முதலில் சிரித்தது விமலாதான். சரோஜம் அக்கா சிரிக்கவில்லை. உருளியிலிருந்து விரல் நுனியில் கொஞ்சம் தேங்காயை எடுத்து அவளிடம் நீட்டினார். "செவப்பு போதுமாண்ணு பாரு." விமலா வாயில் போட்டுப் பார்த்து, "மதி, போதும், அணைச்சிருங்க மைனி" என்றாள். ஆறு வருடம் கழித்து நாத்தனார் முறை சொல்லிக் கூப்பிட்ட அந்த "மைனி" கேட்டதும் சரோஜம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். புகை என்றார். கேஸ் அடுப்பில் ஏது புகை?

மத்தியானம் பெரியப்பா இலைக்கு முன் உட்கார்ந்தார். முதலில் அவியலின் ஓரத்தை விரலால் ஒதுக்கித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. ஒரு வாய் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தீயல் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது பந்தலின் மூலையில் என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாயசத்தில் கடையில் வாங்கிய போளியைப் பிய்த்துப் போட்டுக் குழைத்து முடித்ததும், பெரியப்பா தலை நிமிர்ந்தார்.

"சமையல் எந்த ஊர்க்காரங்க?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அது… எந்தா பறயுக…" என்று மலையாளத்தில் தொடங்கினார். குற்றி அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"ஆரியங்கோடு ஆக்கும்."

"நெனச்சேன்" என்றார் பெரியப்பா, ஏற்கெனவே தெரிந்தவர் போல. "கல்யாணத்துக்கும் இவங்களையே வையுங்க. வேற யாரும் வேண்டாம்." அடுக்களைப் பந்தலில் பெண்கள் போட்ட கூச்சல் கேட்டு அவர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்.

ஆதிராவின் கல்யாணம் அந்த மூன்று பெண்கள் சமையலில்தான் நடந்தது. இப்போது அவர்களுக்கு நிச்சயம், வீட்டுப் பால்காய்ப்பு, பிறந்தநாள் என்று கைநிறைய வேலை. சமையலுக்குப் போகிற வண்டியில் ஆரியங்கோடு சமையல் என்று எழுதியிருக்கிறது. மூன்று பேரில் ஒருவரும் அந்த ஊர்க்காரர் இல்லை. மதிலில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி வெட்டியாயிற்று. சட்டி கொண்டு போக ஒவ்வொரு முறையும் சுற்றி வர முடியவில்லையாம்.

போன மாதம் மருமகன் ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தான். கண்ணாடி போல இருக்கிறது, சத்தமில்லை, துடைத்தால் போதும். மிகவும் நல்ல பொருள். அதை அலமாரிக்கு மேலே பத்திரமாக வைத்திருக்கிறேன். ஏன் அத்தை அதை எடுக்கவே இல்லை என்று அவன் கேட்டான். என்னத்தைச் சொல்ல? அதில் எல்லாம் வேகும். ஆனால் அது தீர்ந்துபோகாதே, மாற்றிக் கொடுக்க யாரும் வர மாட்டார்களே.