ஊதா மாத்திரை

இந்தத் தடவை பொண்டாட்டிய ஏமாத்தியே தீர்றதுன்னு ஜெனெக் கங்கணம் கட்டிக்கிட்டான். லூப்லின் நகரத்துல பஸ் ஓட்டுறவன். தாடியும் தொப்பையுமா நல்ல வாட்டசாட்டமான ஆளு. ஆனா பாக்கெட் பூரா பால் டாஃபி. ஸ்டாப்புக்கு ஒண்ணு வாயில போட்டாத்தான் வண்டியே நகரும்.

அவன் பொண்டாட்டி ஹலினாவுக்கோ பல் ஆஸ்பத்திரியில வேலை. ஊரார் பல்லையெல்லாம் சுத்தம் பண்ணி, சொத்தை வராம பாத்துக்கிறவ. குளிர் ஆரம்பிக்கிறப்போ ஒருநாள் புருஷன நாற்காலியில சாய்ச்சு, பல்லுல காத்தடிச்சு காயவச்சுப் பாத்தா.

"ஜெனெக், ஈறோரமா சுண்ணாம்பு வச்சாப்புல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குய்யா."

"வெள்ளையா இருந்தா நல்லதுதானே?"

"சொத்தை இப்படித்தான் ஆரம்பிக்கும். இன்னும் ஓட்டை விழல, ஒழுங்கா இருந்தா திரும்பக் கெட்டியாயிடும். இல்லேன்னா டாக்டர் குடைவாரு. எவ்ளோ தின்னங்கறது முக்கியமில்லய்யா, பொழுதன்னிக்கும் தின்னுக்கிட்டே இருக்கியே, பல்லு எப்பத்தான் மூச்சு விடும்? குளிர் போனதும் பாப்பேன். புள்ளி பெருசாச்சு, குடைச்சல்தான்!"

குடைச்சல்னதும் அவனுக்கு உள்ளங்கால் வேர்த்துடுச்சு. அந்தக் குடும்பமே அப்படித்தான். அவன் அண்ணன் போக்டான் இருக்கானே, பக்கத்து வீட்டுல செவுத்துல ஓட்டை போடுற சத்தத்துக்கே மயங்கி விழுந்தவன். எது மேல விழுந்தான்? அவன் கல்யாண கேக் மேல! பொண்ணு வீட்டுக்காரங்க முகத்தப் பாக்கணுமே... சரி, அது கெடக்கட்டும்.

டாஃபிய விட மனசு வருமா? தடயத்த அழிச்சிட்டா போச்சுன்னு முடிவு பண்ணான். தோதா குளியலறை அலமாரியில ஹலினா ஒரு டப்பாவ மறந்து வச்சிட்டுப் போயிருந்தா. மென்னா பல்லுல அழுக்கு இருக்கிற எடமெல்லாம் ஊதாவாக்கிக் காட்டுற மாத்திரை. ஊதா போற வரைக்கும் தேய்ச்சிட்டா இவ எதக் கண்டுபிடிப்பா?

தெனமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் கதவத் தாழ் போட்டுக்கிட்டான்.

"உள்ள என்னய்யா இவ்ளோ நேரம்?"

"ஷேவிங்!"

"தாடி வச்சிருக்கிறவனுக்கு என்ன ஷேவிங்?"

வெளிய வந்தா, "ஒதடு ஏன்யா ஊதா?"

"ஜாம் தின்னேன்."

"அடப்பாவி, ஜாம் வேறயா!"

தேய்ச்சுத் தேய்ச்சு கை ஓய்ஞ்சுது. ஸ்டாப்புக்கு ஒரு டாஃபி தின்னா ஸ்டாப்புக்கு ஸ்டாப் தேய்க்கணுமே, பஸ்ல வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா? அதனால மத்தியானச் சாப்பாட்டோட மொத்தமா தின்னுட்டு நிறுத்திக்கிட்டான்.

குளிர் போச்சு. நாற்காலியில சாய்ஞ்சு, ஹலினா சட்டைக் கையப் புடிச்சவன் விடல. அவ காத்தடிச்சா, பாத்தா, திரும்பப் பாத்தா.

"சொல்லுடி, குடைவாங்களா?"

"வேண்டாம்யா. பளபளன்னு கெட்டியாயிடுச்சு." அவ கண்ணு கலங்கிப்போச்சு. மாஸ்க்க எறக்கிட்டு அவன் நெத்தியில ஒரு முத்தம் வச்சா.

ஜெனெக்குக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சு. "பின்ன? டாஃபியத் தொட்டேனா என்ன?"

"தொட்ட. மத்தியானம் மட்டும், மொத்தமா. காகிதமெல்லாம் சாப்பாட்டு டப்பாவுலயே கெடக்குது. அப்படியே தின்னுக்கோ."

ஹலினா கையுறையக் கழட்டிக்கிட்டே சொன்னா:

"மாத்திரை தீந்துபோச்சுல்ல? புது டப்பா வாங்கி அதே எடத்துல மறந்து வச்சிருக்கேன்."