மச்சாளின் சத்தமும் மட்சின் சத்தமும்

ஒரு கணினியில் இரண்டு சத்தங்களைப் பிரித்து வைத்தால் வீட்டில் சமாதானம் வரும் என்று நம்பினேன். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே இலட்சியம் அதுதான்.

ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குப் பிரான்ஸில் இருந்து மச்சாள் அருமைநாயகி வீடியோ அழைப்பில் வருவா. என் மனைவி மேர்சியின் அக்கா. குருநகரில் யார் செத்தது, யார் வீடு கட்டினது என்று, குருநகரில் இருக்கும் எங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லுவா. நான் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, கேட்ட இடத்தில் “ஓம்” சொல்ல வேண்டும். அதே நேரத்தில்தான் கிரிக்கெட்டும். சனிக்கிழமை மட்சை நிம்மதியாகப் பார்ப்பேன். ஞாயிறு மட்ச் மச்சாளுக்குப் பலி. கைத்தொலைபேசியில் பார்க்கலாம் என்றால், கண் கீழே போவதைக் கண்டுபிடித்துவிடுவா.

கணினியைக் கிண்டியதில் ஒரு பக்கம் அகப்பட்டது. எந்தச் செயலியின் சத்தம் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று தனித்தனியே தெரிவு செய்யலாம். மச்சாளை மேர்சியின் ஹெட்போனுக்கு அனுப்பினேன். மட்சை என் காதுக்குள் இருந்த சின்ன இயர்போனுக்கு அனுப்பினேன். திரையில் இருவருக்கும் பாதிப் பாதி.

“அப்ப அக்கா கதைக்கிறது உங்களுக்கு ஒண்டும் கேக்காதோ?” என்றாள் மேர்சி.

“ஒரு சொல்லும் கேக்காது.”

“அவ உங்களை ஏதும் கேட்டா?”

“நீர் என்ரை முழங்காலிலை தட்டும். நான் ஓம் எண்டுறன்.”

மேர்சி கொஞ்சம் யோசித்தாள். நல்ல ஏற்பாடு என்றாள். இருபத்தாறு வருடத்தில் என் ஏற்பாடு ஒன்றை அவள் நல்லது என்று சொன்னது அன்றுதான். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கலாம்.

அன்று இறுதிப் போட்டி. மூன்று தட்டு விழுந்தது. மூன்று ஓம் சொன்னேன். எங்கள் அணி ஆறு ஓட்டங்களால் வென்றது. திரையின் மற்றப் பாதியில் மச்சாள் கண்ணைத் துடைத்தா. யாரோ செத்திருக்க வேண்டும் என்று நானும் முகத்தைத் தொங்கப் போட்டேன்.

அழைப்பு முடிந்ததும், எதற்கெல்லாம் ஓம் சொன்னேன் என்று விசாரித்தேன். முதலாவது, என் முழங்கால் நோ குறைந்துவிட்டதா என்றதுக்காம். இரண்டாவது, இங்கே மழையோ என்றதுக்காம்.

“மூண்டாவது?”

“ஞாயிறு மட்டும் காணாது, சனிக்கிழமையும் கோல் எடுக்கட்டோ தம்பி எண்டு கேட்டவ.”

“அதுக்கு ஏனப்பா தட்டினீர்?”

“உங்களைத்தானே கேட்டவ.” மேர்சி ஹெட்போனைக் கழற்றி ஆறுதலாகச் சுருட்டினாள். “அக்கா அழுதே போட்டா. இத்தனை வருசத்திலை நீங்கள் யோசிக்காமல் சொன்ன முதல் ஓம் அதுதானாம்.”