உருண்டையைத் திருப்பி அனுப்புவது சம்பந்தமாக

திண்டுக்கல்,
20.11.2004

பெங்களூரில் சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் மருமகப்பிள்ளை ஜெரோம் அவர்களுக்கு,

திண்டுக்கல் டவுன் நாகல் நகரில் குடியிருக்கும் பத்திர எழுத்தர் ராயப்பராஜ் ஆகிய நான், நல்ல நினைவோடும் முழு மனதோடும், யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை மதலைமேரியும் கொல்லையில் நிற்கும் முருங்கையும் நலம். அங்கே நீங்களும் மகள் சத்யபிரியாவும் பேரப்பிள்ளையும் யாதொரு வில்லங்கமும் இல்லாமல் சுகமாக இருக்க மாதா துணை செய்வாளாக. முப்பது வருஷம் கிரயமும் அடமானமும் எழுதிய கை, சொந்த மாப்பிள்ளைக்கு எழுதினாலும் இப்படித்தான் வருகிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

நிற்க. ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு வந்திருந்தபோது, என் வலது மணிக்கட்டு வீங்கி, ஒரு தோசையைப் பிய்க்கக்கூட முடியாமல் நான் திண்டாடியதைப் பார்த்துவிட்டு, நீங்களும் பிரியாவும் ஒரு தீர்ப்பு சொன்னீர்கள். கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடித்துப் பிடித்துத்தான் இந்த வலி, கிறிஸ்துமசுக்குள் கை சரியாகவில்லை என்றால் கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும், எங்களுக்கென்று மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது என்றீர்கள். பாசத்தில் சொன்னது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாப்பிள்ளை, மனசைத் திறந்து சொல்கிறேன், எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. பத்திர ஆபீசுக்கு எதிரே ஒரு மேசை, பதினோரு மணிக்கு ஒரு டீ, என்னை நம்பி நாலு பேர். இதை விட்டுவிட்டு அங்கே வந்து நான் என்ன செய்ய? குளிருக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, பார்க்கில் கையை வீசி வீசி நடக்கும் பெரியவர்களோடு நானும் சுற்ற வேண்டும். அவர்களுக்கு எழுதிக்கொடுக்க என்னிடமும் ஒன்றும் இருக்காது, எனக்கு எழுதிக்கொடுக்க அவர்களிடமும் ஒன்றும் இருக்காது.

இந்த நிலையில்தான் உங்கள் கம்பெனியில் சோதித்துப் பார்க்கக் கொடுத்த சாமானை எனக்கு அனுப்பிவைத்தீர்கள். முப்பது நாள் உபயோகித்து, கூடவே வந்த படிவத்தில் உண்மையை உண்மையாக எழுதி, சாமானையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று போனில் சொன்னீர்கள். பெட்டியில் டிராக்பால் என்று போட்டிருக்கிறது. நாங்கள் உருண்டை என்கிறோம். பிரித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் உள்ளங்கையை நிறைக்கிற மாதிரி ஒரு மேடு, பக்கவாட்டில் கட்டைவிரல் படும் இடத்தில் சிவப்பாக நாவல்பழம் அளவில் ஒரு குண்டு. வயரைக் காணோம். கூரியர்காரர்தான் வயரை எங்கேயோ விட்டுவிட்டார் என்று நினைத்து அவரைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு ஓடி, அவர் கையெழுத்து வாங்கிய நோட்டையெல்லாம் உதறிக் காட்டிவிட்டுப் போன பிறகு, பேகம்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஃபாரிசிடம் போய், "தம்பி, இதுக்குத் தோதா ஒரு வயர் குடுங்க" என்று கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுக்கு வயரே கெடையாது. அதுக்குத்தான் காசே வாங்குறான்" என்றார். கடைக்கு வந்து அவரே மாட்டிக் கொடுத்துவிட்டு, பேட்டரியும் போட்டுவிட்டுப் போனார்.

படிவத்தில் முதல் கேள்வி, பழகுவதற்கு எளிதா என்பது. எளிது என்று எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் மூன்று நாள் நடந்ததையும் உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். உருண்டையைக் கட்டைவிரலால் உருட்ட வேண்டும், சாமான் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று ஃபாரிஸ் படித்துப் படித்துச் சொல்லியும், என் கை கேட்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரி மேசை முழுக்கத் தள்ளிக்கொண்டு போகிறது. டீ டம்ளர் இரண்டு போயிற்று. கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் அதற்கு நாலு எல்லை எழுதினேன். கிழக்கே டெலிபோன், மேற்கே ரேகை மை டப்பா, வடக்கே மானிட்டர், தெற்கே என் வயிறு, இதற்கு மத்தியில் உள்ள இடம் மேற்படி சாமானுக்குப் பாத்தியமானது என்று மேசையில் சாக்பீசால் கோடும் போட்டுவிட்டேன். அப்படியும் கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்து, குண்டு தனியே கழன்று பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. நெய்க்காரப்பட்டியிலிருந்து வில்லங்கச் சான்றுக்காக வந்திருந்த ஒரு அம்மா தரையில் படுத்துத் தேடி எடுத்து, "ஏனுங்க, இதத்தானுங்களா தேடறீங்க?" என்று கொடுத்தார். ஆனாலும் நான் விட்டேனா? பழைய மவுஸ் கண்ணில் பட்டால் கை அங்கே போகும் என்று அதை வீட்டுப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன். மேற்கு எல்லையில் மை டப்பாவை விட்டுவைத்ததுதான் நான் செய்த தப்பு, அதற்கு இப்போது வருகிறேன்.

நாலாம் நாள் புதன்கிழமை. அகரத்திலிருந்து பெருமாள்சாமி என்ற பெரியவரும் அவர் சம்சாரம் அங்காளம்மாளும், மகளுக்குத் தோட்டத்தை எழுதிவைக்க, மகள், சாட்சிகள் சகிதம் ஒரு வேன் பிடித்து வந்திறங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் ஆபீசுக்குள் நுழைந்துவிட வேண்டும். செட்டில்மெண்ட் பத்திரத்தைத் திரையில் வைத்து வாசித்துக் காட்டினேன், ஒரு சர்வே நம்பரில் திருத்தம் சொன்னார்கள், திருத்தினேன். இனி பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. பேப்பர் வைக்க இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் பார்க்கிறேன், பெரியவர் பழக்க தோஷத்தில் இடது கட்டைவிரலை மை டப்பாவில் நன்றாக அழுத்தி, அந்தச் சிவப்புக் குண்டின் மேல் வைத்து, நகத்துக்கு நகம் உருட்டிக்கொண்டிருக்கிறார். ஐம்பது வருஷமாகக் கைநாட்டு வைத்துப் பழகிய விரல், ஒரு இடம் விடாமல் உருட்டிவிட்டது.

"என்ன பெரியவரே பண்றீக?" என்று அலறினேன்.

"ரேகை வச்சுட்டேன் எழுத்தரய்யா. நல்லா விழுந்துருக்கான்னு பாத்துக்கங்க. இப்பெல்லாம் கம்ப்யூட்டர்லதான வைக்கணுமாம்?"

திரையில் அம்புக்குறி விறுவிறுவென்று ஓடி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. "அந்தா, உள்ள போயிருச்சுல்ல" என்று பெரியவருக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் அங்காளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"அவுக ரேகை மட்டும் உள்ள போனா எப்புடி? தோட்டத்துல எனக்கும் பாதி இருக்குல்ல. நகருங்க, நானும் வைக்கிறேன்."

"ஆத்தா, அது ரேகை வைக்கிற சாமான் இல்ல!"

"முன்னாடி வந்தப்ப இங்க இல்லாத சாமான் இன்னைக்கு இருக்கு, கட்டைவெரல் வைக்க இம்புட்டுத் தோதா குழி வேற இருக்கு, வேற எதுக்காம்?"

அந்த அம்மாவும் வைத்தாயிற்று. குண்டு மையில் ஊறி அசைய மாட்டேன் என்கிறது. கைக்குட்டையால் துடைத்தேன், மை இன்னும் பரவியது. ஃபாரிசுக்கு போன் போட்டால் கொடைரோட்டில் யாருக்கோ கம்ப்யூட்டர் மாட்டப் போய்விட்டாராம். மணி பதினொன்று நாற்பது. பக்கத்து மேசை எழுத்தர் தங்கமுத்து, "என்னப்பா ராயப்பா, வித்தை காட்ட ஆரம்பிச்சுட்டியா?" என்று எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். வேனில் வந்த ஆட்கள் எல்லாரும் அவன் மேசையைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை, அந்த நிமிஷம் உங்கள் மாடி அறையின் பெயிண்ட் வாசனை எனக்கு இங்கேயே அடித்தது.

அப்போதுதான் உங்கள் அத்தை சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள், சாமானைக் கவிழ்த்தாள், அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது, எனக்கே அதுவரை தெரியாது, அதில் கொண்டை ஊசியை விட்டு ஒரு குத்து. குண்டு கையில் வந்து விழுந்தது. அங்காளம்மாள் பையில் வீட்டுக்கு வாங்கிவைத்திருந்த தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு வாங்கித் தேய்த்து, சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்பப் போட்டாள். ஓடுகிறதா பார்ப்போம் என்று என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மேற்பார்வையில், பிரிண்டும் எடுத்துவிட்டாள். பதினொன்று ஐம்பதுக்குப் பத்திரம் கையில். பெருமாள்சாமி ராகு காலத்துக்கு முன்னால் படியேறிவிட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக இனி யாருட்டயும் கையேந்த வேண்டியதில்ல சாமி" என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கிவிட்டது.

அத்தோடு விட்டதா? ராயப்பராஜிடம் எழுதினால் ரேகை கம்ப்யூட்டருக்குள்ளேயே போய்விடும், எந்தப் பங்காளி வந்தாலும் அசைக்க முடியாது என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. இது வெறும் அம்புக்குறியை நகர்த்துகிற சாமான் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. 'இந்த உருண்டையில் ரேகை வைக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு நோட்டீஸ் எழுதி ஒட்டிய எழுத்தர் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைப் படிக்கத் தெரிந்த அருளப்பன் வாத்தியார், ரிட்டயர்டு தலைமையாசிரியர், அவர்கூட, "கையெழுத்த எவனும் போட்ருவான், எதுக்கும் நானும் ஒரு தடவ வச்சுக்கிறேனே" என்கிறார். கடைசியில் உங்கள் அத்தைதான், "மை வேண்டாம், சும்மா தொட்டுக்குங்க, அம்புட்டுப் போதும்" என்று எல்லாரையும் சமாதானமாக அனுப்பிவைக்கிறாள். தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். தங்கமுத்து இப்போது சிரிப்பதில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கை குணமாகிவிட்டது! வீக்கம் போன இடம் தெரியவில்லை. நேற்று இரண்டு குடம் தண்ணீர் நானே தூக்கிவந்தேன், புரோட்டாவையே பிய்க்கிறேன். எல்லாம் உருண்டையின் மகிமை. படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறேன். உங்கள் கம்பெனி தாராளமாக வாங்கி விற்கலாம். உங்கள் அத்தையும் ஒத்தாசைக்கு என்று தினம் கடைக்கு வந்து செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே கடையை மூடும் பேச்சை இத்தோடு ரத்து செய்துவிடுங்கள். கெடு முடிந்துவிட்டபடியால், திங்கட்கிழமை கூரியரில் மேற்படி சாமானை யாதொரு சேதமும் இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன். குண்டில் லேசாக நீலம் தெரியும், அது பெருமாள்சாமி. குணமான கைக்குப் பழைய மவுஸே போதும், பரணிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பிரியாவுக்கும் பேரனுக்கும் நெற்றியில் சிலுவை போட்டு என் ஆசீர்வாதம். கிறிஸ்துமசுக்கு நீங்கள் மூன்று பேரும் இங்கே வர வேண்டும். நாங்கள் அங்கே வருவதாக இல்லை.

சம்மதித்து எழுதிக்கொடுத்த,
மாமா ராயப்பராஜ்

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். அவுக டீ குடிக்கப் போயிருக்காக. மேலே உள்ளது பூரா அவுக சொல்லச் சொல்ல நான் அடிச்சது. அவுக அந்த உருண்டையத் தொட்டது மொதல் மூணு நாளும் அந்தப் புதன்கிழமையும்தான். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் நாற்காலியில உக்காந்திருக்கிறது நான். அவுக பக்கத்துல நின்னு கிழக்கே, மேற்கேன்னு சொல்லுவாக. ஒரு மாசமா சும்மா இருக்கிற கை குணமாகாம என்ன செய்யும்? கல்யாணத்துக்கு முன்னாடியே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ நான், இத்தனை வருஷத்துல அதை யாரும் கேட்டதில்ல. இப்ப அகரம் ஆளுக எல்லாம் "எழுத்தரம்மா இருக்காகளா"ன்னு கேட்டுட்டு வாராக. ஆகஸ்டுல, எங்களக் கூட்டிட்டுப் போயிருன்னு பிரியாகிட்ட ரகசியமா அழுதது நான்தான். அது அவுக கைவலிக்காக இல்ல. காலையில அவுக போனா பொழுதுசாய வரைக்கும் அந்த வீட்டுல ஒத்தையில உக்காந்திருக்க என்னால முடியல, அதுக்குத்தான். அதை அவுகளுக்குச் சொல்லிறாதீக. அந்த ரூமுல பேரன் படிக்கட்டும். படிவத்துல அவுக போட்ட மார்க்கெல்லாம் சரிதான், மாத்த வேண்டாம். 'பொருளைத் திருப்பி அனுப்புகிறீர்களா'ன்னு கடைசிக் கேள்வியில மட்டும் அவுக 'ஆம்'னு போடச் சொன்னாக. நான் 'இல்லை'ன்னு போட்டுட்டேன்.